ஒரு மணி நேரம், எண்ணூறு டாலர், ஒரு பழைய படம்

'கொரில்லாஸ் இன் தி மிஸ்ட்' படத்தை நான் முதல் தடவை பார்த்தது இன்ஜினியரிங் படிக்கும்போது, ஹாஸ்டல் டிவியில். இரண்டாவது தடவை பார்த்தது போன மாதம், உகாண்டாவில் மலைக் கொரில்லாக்களை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு. முதல் தடவை கண் கலங்கியது உண்மை. இரண்டாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். தொழில் புத்தி, போகாது.

ஆகவே இது படத்தைப் பற்றிய விமர்சனம், பயணத்தைப் பற்றிய விமர்சனமும்தான். இரண்டும் கொரில்லாக்கள் எப்படிப் பிழைத்தன என்ற ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இரண்டிலும் ஒரே தரப்பு விடுபட்டுப் போகிறது.

படம் சொல்லும் கதை

1988-இல் வந்த படம். இயக்கம் மைக்கேல் ஆப்டெட், டயன் ஃபாஸியாக சிகோர்னி வீவர். ஃபாஸி 1967-இல் ருவாண்டாவின் எரிமலைக் காட்டில் கரிசோகே ஆய்வு முகாமை அமைத்தவர். கரிசிம்பி, விசோகே என்ற இரண்டு எரிமலைகளின் பெயர்களை ஒட்டவைத்து அவரே வைத்த பெயர் அது. அவருக்கு மிகவும் பிடித்த டிஜிட் என்ற ஆண் கொரில்லாவை 1977 டிசம்பர் கடைசி நாளில் வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். 1985 டிசம்பரில் ஃபாஸியும் தன் குடிசையிலேயே கொலை செய்யப்பட்டார்.

வீவரின் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிஜக் கொரில்லாக்களுக்கு நடுவே உட்கார்ந்து நடித்த காட்சிகள் இன்றைக்கும் பிரமிப்புதான். என் பிரச்னை வேறு. படத்தில் ஒரு அதிகாரி, இங்கே சிலருக்கு வேட்டையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை என்று ஃபாஸியிடம் சொல்கிறார். அவர் அதை ஏற்பதில்லை. படமும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஃபாஸி வேட்டைக்காரர்களின் குடிசைகளைக் கொளுத்துகிறார், பிடிபட்ட ஒருவரைத் தூக்கிலிடுவதுபோல நாடகம் ஆடி மிரட்டுகிறார். கொஞ்சம் எல்லை மீறிவிட்டார், ஆனால் அன்பினால்தானே என்கிற மாதிரி படம் நம்மை அவர் பக்கமே நிற்கவைக்கிறது. ஹாஸ்டலில் நானும் அங்கேதான் நின்றேன்.

அந்தக் காட்டுக்குப் பெரிய அடி விழுந்தது எங்கிருந்து? அறுபதுகளின் கடைசியில், ஐரோப்பியப் பணத்தில் நடந்த ஒரு திட்டத்துக்காகப் பூங்காவில் இருந்து சுமார் பத்தாயிரம் ஹெக்டேர் வெட்டி எடுக்கப்பட்டது. பயிரிட்டது பைரெத்ரம் என்ற பூ, பூச்சிமருந்து செய்ய. எழுபதுகளின் கடைசியில் இன்னொரு பெரிய துண்டை மாட்டுப் பண்ணைக்குக் கொடுக்கும் யோசனையும் வந்தது. ஒரு வேட்டைக்காரரின் சுருக்குக் கம்பியைவிட இதுதான் பெரிய ஆபத்து. ஆனால் திட்ட அறிக்கையை வில்லனாக வைத்துப் படம் எடுக்க முடியாது இல்லையா? ஈட்டி வைத்திருக்கும் ஏழையை வைத்து எடுக்கலாம்.

ஃபாஸிக்குப் பிடிக்காத வழி

மாட்டுப் பண்ணை யோசனைக்குப் பதில் சொன்னவர்கள் பில் வெபர், ஏமி வெடர் என்ற அமெரிக்கத் தம்பதி. 1978-இல் கரிசோகேவுக்கு வந்த ஆய்வாளர்கள். மாட்டைவிடக் கொரில்லா அதிக வருமானம் தரும் என்று காட்டினால்தான் காடு மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். 1979-இல் சில கொரில்லாக் கூட்டங்களை மனிதர்களுக்குப் பழக்கப்படுத்திச் சுற்றுலாவைத் தொடங்கினார்கள். ஃபாஸி இதைக் கடைசி வரை சந்தேகத்தோடுதான் பார்த்தார். மனிதனை நம்பப் பழகிய கொரில்லா வேட்டைக்காரனையும் நம்பும், மனிதனின் நோயும் அதற்குத் தொற்றும் என்ற அவருடைய பயம் நியாயமானதுதான்.

இருந்தாலும் எண்கள் யார் பக்கம் பேசுகின்றன என்று பாருங்கள். 1981-இல் விருங்கா மலைகளில் சுமார் 254 கொரில்லாக்கள். 2015-16 கணக்கெடுப்பில் 604. 2018-இல் உகாண்டாவின் ப்விண்டிப் பகுதியில் எண்ணியதையும் சேர்த்தால் மொத்தம் 1063. அதே 2018 நவம்பரில் மலைக் கொரில்லாவை மிக அபாயமான பட்டியலில் இருந்து ஒரு படி இறக்கினார்கள். 2011-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை 1967 முதல் 2008 வரையான விருங்கா தரவைப் பிரித்துப் பார்த்தது. பழக்கப்படுத்தி தினமும் கண்காணித்த கூட்டங்கள் ஆண்டுக்கு சுமார் 4 சதவீதம் வளர்ந்தன. பழக்கப்படுத்தாத கூட்டங்கள் மெதுவாகக் குறைந்தன. தினமும் ரேஞ்சர் போகிறார், கண்ணி இருந்தால் எடுக்கிறார், கை காலில் கம்பி இறுகிய குட்டிக்கு மருத்துவர் வருகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். இதற்கான பணத்தில் பெரும்பங்கு சுற்றுலாவில் இருந்து வருகிறது.

ஆக, "சுற்றுலா வியாபாரம், அதனால் கெட்டது" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், ஆனால் தப்பு. நான் அதை எழுத வரவில்லை.

நான் பார்த்தது

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, என்டெபியில் இறங்கி, ஒரு முழு நாள் ஜீப்பில் குலுங்கி ப்விண்டியின் புஹோமா பக்கம் போய்ச் சேர்ந்தேன். மலைச்சரிவு முழுக்க வாழையும் உருளைக்கிழங்கும். ஒரு கோடு கிழித்தாற்போல வயல் முடிந்து காடு ஆரம்பிக்கிறது. நடுவில் புதர்க்காடு மாதிரி ஒன்றும் கிடையாது. அந்தக் கோட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் விளக்கக் கூட்டம். எட்டுப் பேருக்கு ஒரு கொரில்லாக் கூட்டம், ஒரே ஒரு மணி நேரம். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. முன்பு ஏழு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார்கள், கொரோனாவுக்குப் பிறகு பத்து மீட்டர், முகக்கவசமும் உண்டு. ட்ராக்கர்கள் விடிகாலையிலேயே போய், முந்தின நாள் விட்ட இடத்தில் இருந்து தடம் பிடித்து வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுகிறார்கள். நாம் செங்குத்தான சரிவில், சேற்றில், காஞ்சொறிச் செடி கையில் படாமல் தவழ்ந்துபோய்ச் சேர்கிறோம். விளம்பரத்தில் இதற்குப் பெயர் 'தீண்டப்படாத வனம்'. தீண்டாமல் ஒன்றும் இல்லை. ஒரு கூட்டத்தைப் பழக்கப்படுத்த இரண்டு வருஷத்துக்கு மேல் தினமும் மனிதர்கள் போய் உட்கார வேண்டும். நம்முடைய அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் பல ஆயிரம் மணி நேர வேலை இருக்கிறது. அதைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தது? பெரிய சில்வர்பேக் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு தண்டு உரித்துத் தின்றது. ஒரு குட்டி எங்கள் பக்கம் வந்து மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தடுமாறி விழுந்தது. தாய் ஒரு கையால் இழுத்துக்கொண்டது. நான் பாதி நேரம் கேமராவைத் தொடவே இல்லை. வாழ்க்கையில் மறக்க மாட்டேன். இதைச் சொல்லாமல் கீழே வருவதைச் சொன்னால் அது நேர்மை இல்லை.

இறங்கும்போது என் பையைத் தூக்கி வந்த போர்ட்டர் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். கொரில்லா சில சமயம் காட்டை விட்டு வந்து அவர்கள் வாழையைப் பிய்த்துவிடுமாம். அதைப் பதமாக மறுபடி காட்டுக்குள் ஓட்டிவிட ஊர்க்காரர்களே தொண்டர் குழு வைத்திருக்கிறார்கள். "நீ உள்ளே போய்ப் பார்த்திருக்கியா?" என்றேன். "கடைசி இடத்துல போர்ட்டருங்க நின்னுடணும் சார், பர்மிட் இருந்தாத்தான் கிட்ட போக முடியும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

கணக்கு

ப்விண்டியில் வெளிநாட்டவருக்கு பர்மிட் 2024 ஜூலையில் இருந்து 800 டாலர். ருவாண்டாவில் 2017 முதல் 1500. எட்டுப் பேர் என்றால் ஒரு கூட்டத்துக்கு ஒரு மணி நேரத்தில் 6400 டாலர். உகாண்டா விதிப்படி ஒவ்வொரு கொரில்லா பர்மிட்டிலும் 10 டாலர் சுற்றியுள்ள ஊர்களுக்கு. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதமும் அவர்களுக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நுழைவுக் கட்டணம் வேறு, பர்மிட் வேறு. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு பர்மிட்டுக்கு 20 டாலரைத் தாண்டாது. அதாவது 2.5 சதவீதத்துக்குள். மீதியை யாரோ விழுங்கிவிடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ரேஞ்சர் சம்பளம், வருமானம் இல்லாத மற்ற பூங்காக்களின் செலவு எல்லாம் இதில்தான் ஓடுகிறது. ஆனாலும் வாழைத்தோட்டம் அந்தக் கோட்டில் இருப்பவருடையது. பழமும் அவருடையது, நஷ்டமும் அவருடையது. பங்கு மட்டும் தசமத்தில்.

இதில் எனக்குப் பழக்கமான ஒரு கோளாறும் இருக்கிறது. எங்கள் தொழிலில் 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். ஒரே இணைப்பு அறுந்தால் மொத்தமும் படுத்துவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் கொரில்லாச் சுற்றுலா நின்றது. ஜூன் மாதம் ந்குரிங்கோ கூட்டத்தின் தலைவன், ரஃபீக்கி என்ற சில்வர்பேக், ஈட்டிக் காயத்தோடு செத்துக் கிடந்தது. பிடிபட்டவர் சின்ன விலங்குகளை வேட்டையாடத்தான் போனேன், கொரில்லா தாக்கியதால் குத்தினேன் என்றார். பதினோரு வருஷம் சிறை. உலகம் முழுக்கச் செய்தி வந்தது. எல்லோரும் ரஃபீக்கிக்காக அழுதார்கள். வருமானம் நின்ற மூன்றாவது மாதத்தில் ஒரு மனிதன் ஏன் கண்ணியோடு காட்டுக்குள் போகிறான் என்று கேட்டவர்கள் குறைவு. படத்தில் அந்த அதிகாரி சொன்னதுதான். முப்பது வருஷம் கழிந்தும் அதே பதில் இல்லாத கேள்வி.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். உகாண்டாவின் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா. 1996-இல் ப்விண்டி கொரில்லாக்களுக்குச் சிரங்கு வந்து ஒரு குட்டி செத்தது. அது மனிதர்களிடம் இருந்து தொற்றியது என்று கண்டறிந்தார். காட்டோரத்து மக்களுக்கு வைத்தியம் கிடைக்காமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்று புரிந்துகொண்டு இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கும் அமைப்பு ஒன்றை ஆரம்பித்தார். அவரைப் பற்றி யாராவது படம் எடுத்தால் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.

விடுபட்டவர்கள்

அன்று மாலை விடுதியில் ஒரு நடனம். பத்துப் பதினைந்து பேர், வயதானவர்களும் குழந்தைகளும், தரை அதிர ஆடினார்கள். முன்னால் ஒரு மரப்பெட்டி. "பட்வா மக்கள். முன்னாடி காட்டுக்குள்ள இருந்தவங்க" என்றார் கைடு. 'முன்னாடி' என்ற அந்த ஒரு சொல்லோடு விஷயத்தை முடித்துவிட்டார்.

முன்னாடி என்றால் 1991. ப்விண்டியும் பக்கத்து முகாஹிங்காவும் தேசியப் பூங்கா ஆனபோது பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தேன் எடுத்து, கிழங்கு தோண்டி, சின்ன மான்களை வேட்டையாடி அங்கேயே வாழ்ந்தவர்கள். அவர்களிடம் பட்டா கிடையாது, அதனால் பெரும்பாலானோருக்கு நிலமும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்தில், 1993-இல், அதே காட்டில் கொரில்லாச் சுற்றுலா ஆரம்பமானது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபாஸியின் புத்தகத்தில் வேட்டைக்காரர்களாக வருபவர்களும் பெரும்பாலும் இதே பட்வாக்கள்தான். அதாவது படத்தில் குடிசை எரிவதைப் பார்த்து ஹாஸ்டலில் நான் கைதட்டினேனே, அது இவர்கள் சொந்தங்களின் குடிசை.

2013-இல் பட்வாக்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 ஆகஸ்டில் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், வெளியேற்றத்தால் இவர்கள் நிலமற்றவர்கள் ஆனார்கள் என்று ஒப்புக்கொண்டு, பரிகாரத்தை முடிவு செய்யக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. இதற்கிடையில் முகாஹிங்காவில் 'பட்வா பாதை' என்று ஒரு சுற்றுலா இருக்கிறது. பணம் கட்டினால் பட்வாக்களே வழிகாட்டியாக வந்து, தீ மூட்டுவது, தேன் எடுப்பது எல்லாம் செய்து காட்டுகிறார்கள். தங்கள் சொந்தக் காட்டுக்குள், தாங்கள் வாழ்ந்த வாழ்க்கையை நடித்துக் காட்ட. அது அவர்களுக்குக் காசு தருகிறது என்பதும் உண்மை. பெட்டியில் நானும் காசு போட்டேன். போட்ட பிறகு நிம்மதி வரவில்லை.

ஊர் திரும்பியதில் இருந்து நண்பர்கள் கேட்கிறார்கள், "போகலாமா?" போங்கள் என்றுதான் சொல்கிறேன். நாம் போகாவிட்டால் என்ன ஆகும் என்று 2020 காட்டிவிட்டது. ஆனால் புக் பண்ணும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். போர்ட்டரும் கைடும் அந்த ஊர்க்காரர்களா? நடனத்துக்கும் பாதைக்கும் நாம் கொடுக்கும் பணத்தில் பட்வாக்களின் கைக்குப் போவது எவ்வளவு? நான் புறப்படுமுன் இரண்டையும் கேட்கவில்லை. பூட்ஸ் நீர்புகாததா என்றுதான் கேட்டேன்.

கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள், கொரில்லா பார்த்ததற்கு. அலமாரியில் இருக்கிறது. அடுத்து கிபாலே சிம்பன்சிகள் பற்றித் தனியாக எழுத வேண்டும், அங்கே சளிக்காய்ச்சல் கதை ஒன்று இருக்கிறது.