மரபும் விளையாட்டும்: ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியம்

வழிபடுமிடத்தில் விளையாடலாமோ என வினவின், ஆம் என்றே கிழக்கிலங்கைத் தமிழர் விடை கூறுவர். கண்ணகியம்மனுக்கு எடுத்த கொம்புமுறியில் வடசேரியாரும் தென்சேரியாரும் கொம்புகளைப் பூட்டி, வடங்கட்டி இழுத்து, ஒன்று முறியுமளவும் ஆர்ப்பரித்தனர். ஒருவரையொருவர் வசைபாடியும் மகிழ்ந்தனர். ஆயினும் அஃது வழிபாடே. ஆண்டு விதியும் உண்டு. விதிக்குட்பட்ட களிப்பும் உண்டு. ஓவியர் ஜோர்ஜ் கீற்றை மதிப்பிடுதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை.

1901இற் கண்டியிற் பிறந்த கீற், அந்நகரத் திரித்துவக் கல்லூரியிற் கற்றவர். ஓவியத்தைத் தம் முயற்சியாலேயே பயின்றவர். கண்டிய விகாரைச் சுவர்கள், இந்தியச் சிற்பங்கள், பிக்காசோவின் புதுமுறை ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கியவர். 1943இற் கொழும்பில் '43 குழு' தோன்றியபோது அதன் தாபகருள் ஒருவராயினார்.

பொரளைக் கோதமி விகாரையில் 1939–40ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய புத்தசரித ஓவியங்களே ஈண்டு ஆராயத்தக்கன. கண்டிய மரபிற் கதை கிடைவரிகளாக நீளும். ஒரே மாந்தர் மீண்டும் மீண்டும் தோன்றுவர். செந்நிறப் பின்னணியின் வெற்றிடங்களைப் பூக்கள் நிரப்பும். கீற் அக்கதையைக் கைவிட்டாரல்லர். கதையை அடக்கிய சட்டத்தையே தளர்த்தினார். உருவங்கள் பெருத்தன. கோடு அஞ்சாது வளைந்தோடிற்று.

தவச்சாலைக்கு இவ்வுடலழகு மிகையன்றோ என்பார் உளர். அவர் கூற்று ஆராயத்தக்கதே. ஆயின், துறவின் அருமை துறக்கப்பட்டதன் அழகினாலேயே புலனாகும். அரண்மனை வாழ்வு வறிதாயின், அதனை நீத்தலில் வியப்பு யாது? சித்தார்த்தன் விட்டது விடுதற்கரியது என்பதனைச் சுவர் கூறல் வேண்டும். எனவே இவ்விளையாட்டு, கதைப்பொருளுக்குப் பகையன்று, துணையே.

எனினும் குறையுங் கூறல் முறை. கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கீற், இராதையையும் நாயகியரையும் நெடுங்காலம் வரைந்தார். பிற்காலத்து நாயகியருட் பலர் ஒரே விழியும் ஒரே வளைவும் உடையராயினர். முன்னோர் மரபோடு விளையாடிய கை, தானே அமைத்த மரபோடு விளையாட மறந்தது. புதுமையும் பழகியவிடத்து அச்சாகிவிடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் வழக்கொழிந்த யாழைப் போற்றியதோடு அமைந்தாரல்லர். நரம்பும் சுருதியும் கணித்தறிந்து, 1947இல் யாழ்நூல் தந்தார். பழமையைப் பேணுதல் பூட்டிவைத்தலன்று என்பது இருவர் பணியாலும் விளங்கும்.

பள்ளிச் சித்திரபாடம் பெரும்பாலும் 'பார்த்து வரைக' என்பதோடு முடிந்துவிடுகின்றது. 'இனி உன் மனம்போல் வரைக' என்னும் இரண்டாங் கட்டளையும் மாணவன் செவியில் விழல் வேண்டும். முதலாவதைக் கல்லாதவனுக்கு இரண்டாவது பயன்படாது. இரண்டாவதைக் கேளாதவனுக்கு முதலாவது சுமையாகவே நிற்கும்.