யாருக்கு எப்போது எது தெரியும்

பிரான்ஸின் அதிபராக இருந்த சார்ல் தெ கோல் 1970 நவம்பர் 9 அன்று தன் கிராமத்து வீட்டில் இயற்கையாக இறந்தார். அடுத்த ஆண்டே ஒரு நாவல் வெளிவந்தது. 1963-இல் அவரைச் சுட்டுக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளியை அமர்த்துகிறார்கள்; அவன் ஆயத்தமாகிறான், பாரிஸுக்கு வருகிறான், குறி பார்க்கிறான். கதை இவ்வளவுதான். அந்தக் கொலை நடக்கவில்லை என்பது புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே உலகத்துக்கே தெரியும். முடிவு தெரிந்த கதையை யார் படிப்பார்கள் என்று கேட்டுக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிய பதிப்பகங்கள் உண்டு. ஃபிரெடெரிக் ஃபோர்சைத் 35 நாளில் எழுதி முடித்த ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ அரை நூற்றாண்டு தாண்டியும் வாசகர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

முடிவு தெரிந்த ஒரு கதைக்கு நம்மை இப்படிப் பிடித்து வைக்கும் பலம் எங்கிருந்து வருகிறது? உளவு நாவல்களையும் தொடர் கொலை நாவல்களையும் நான் இந்தக் கேள்வியோடுதான் படிக்கிறேன். இவற்றின் வேகத்துக்குக் காரணம் கேட்டால் துரத்தல், துப்பாக்கி, அத்தியாயக் கடைசியில் ஓர் அதிர்ச்சி என்று சொல்வார்கள். மிகச் சிறந்த நாவல்களில் இவையெல்லாம் குறைவு. ஜாக்கல் என்ற அந்தக் கொலையாளி நூலகத்தில் உட்கார்ந்து தெ கோலைப் பற்றிப் படிக்கிறான், கல்லறைத் தோட்டங்களில் அலைகிறான், கடைகடையாக ஏறி இறங்குகிறான். பக்கங்கள் மட்டும் பறக்கின்றன. தகவலை வாசகருக்குக் கொடுக்கும் கணக்கில் இருக்கிறது இந்த வேகம். கதைக்குள் இருப்பவர்களில் யாருக்கு, எப்போது, எது தெரியும். நமக்கு அதைவிடக் கூடத் தெரியுமா, குறையத் தெரியுமா? பந்தியில் கைதேர்ந்தவர் இலையைப் பார்த்தே அடுத்த கரண்டியை எடுப்பதுபோல், நல்ல த்ரில்லர் எழுத்தாளர் நம் பசியைப் பார்த்துப் பரிமாறுகிறார். அந்தக் கணக்கின் வழியாகவே நாம் விரும்பி நிற்கமாட்டாத ஓரிடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியும் விடுகிறார். இந்த வகை எழுத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு அந்த இரண்டாவது காரியத்துக்காக.

ஃபோர்சைத் ராய்ட்டர்ஸ் செய்தியாளராகப் பாரிஸில் இருந்தவர். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததை மன்னிக்காத ஓ.ஏ.எஸ். என்ற ரகசியப் படை தெ கோலைக் கொல்ல முயன்ற காலம் அது. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸின் புறநகரான பெத்தி கிளமாரில் அவர் காரைச் சல்லடையாகச் சுட்டார்கள், அவர் தப்பினார். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ராணுவ அதிகாரி பஸ்தியான் தீரிக்கு 1963 மார்ச் 11 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்த இரண்டும் வரலாறு. நாவல் அந்த மரண தண்டனைக் காலையில் தொடங்கி, வாசகருக்கே தெரியாமல் கற்பனைக்குள் நழுவிவிடுகிறது. உண்மையான அமைச்சர்களோடு கற்பனை அதிகாரிகள் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். நடை முழுக்கச் செய்தி நடை. உவமை இல்லை, உணர்ச்சி வர்ணனை இல்லை. எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன விலை என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறார். செய்தித்தாளை நம்புவதுபோல் நாமும் நம்பிவிடுகிறோம்.

கதையின் முதல் முடிச்சும் அறிவு பற்றியதுதான். ஓ.ஏ.எஸ். அமைப்புக்குள் போலீஸின் உளவாளிகள் நிறைந்திருக்கிறார்கள். எந்தத் திட்டமும் கசிந்துவிடுகிறது. அதனால் பிரான்ஸில் எந்தக் கோப்பிலும் பெயரில்லாத ஒரு வெளிநாட்டானை அரை மில்லியன் டாலருக்கு அமர்த்துகிறார்கள். உயிரோடிருந்தால் தன் வயதாகியிருக்கக்கூடிய, குழந்தையிலேயே இறந்துபோன ஒருவனின் பெயரைக் கல்லறைக் கல்லில் தேடிப் பிடித்து, அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி அசல் பாஸ்போர்ட்டே பெற்றுவிடுகிறான் ஜாக்கல். பிரிட்டனில் இந்த ஓட்டை நிஜமாகவே இருந்தது. நாவல் வந்த பிறகும் நெடுங்காலம் அடைபடவில்லை. அந்த மோசடிக்கு நாவலின் பெயரே பெயராக நின்றுவிட்டது.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது துப்பாக்கி செய்யும் பகுதியை. பிரஸ்ஸல்ஸில் ஓர் ஆயுதக் கைவினைஞரிடம் ஜாக்கல் தன் தேவைகளைச் சொல்கிறான். துப்பாக்கி மெல்லிய உலோகக் குழாய்களுக்குள் ஒளிய வேண்டும், சத்தம் எழக் கூடாது, ஒரே குண்டில் வேலை முடிய வேண்டும். அந்தக் கைவினைஞர் கேட்கும் கேள்விகள் ஒரு நல்ல தச்சர் கேட்கும் கேள்விகள். எந்தத் தூரம், எந்தக் கோணம், எவ்வளவு நேரம் கிடைக்கும். யாரைச் சுடப்போகிறாய் என்று மட்டும் அவர் கேட்பதில்லை. பிறகு ஆர்டென் காட்டில் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டு ஜாக்கல் சுட்டுப் பழகுகிறான். தொலைநோக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் குறியைச் சரிசெய்து, கடைசியில் வெடிக்கும் தோட்டாவை ஏற்றிச் சுட்டதும் பழம் இருந்த இடத்தில் சாறு மட்டும் வடிகிறது. அந்தப் பழம் யாருடைய தலை என்று ஃபோர்சைத் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாதபடி அதற்கு முன்பே நமக்கு எல்லாம் கொடுத்துவிட்டார்.

கதை நெடுந்தூரம் போன பிறகுதான் குளோத் லெபெல் வருகிறார். குள்ளமான, சாதுவான, வீட்டில் மனைவியின் சொல்லுக்கு அடங்கிய துப்பறியும் அதிகாரி. அவர் கையில் இருப்பது ஒரு புனைபெயர் மட்டும். அதிபரோ செய்தி வெளியே போகக் கூடாது என்கிறார். பொது நிகழ்ச்சிகள் எதையும் விடவும் மாட்டார். தொலைபேசியையும் பல நாட்டுப் போலீஸ் அதிகாரிகளின் நட்பையும் வைத்துக்கொண்டு லெபெல் தேடுகிறார். அவர் இரவுதோறும் உயர்மட்டக் குழுவுக்குச் சொல்வதெல்லாம் ஓர் அதிகாரியின் காதலி வழியாக ஜாக்கலின் காதுக்குப் போய்ச் சேர்கிறது. கடைசிக் கட்டம்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவரையும் பார்ப்பவர்கள் நாம் மட்டும்.

இரண்டு தடங்களில் கதையை ஓட்டிக் கடைசியில் முட்டவிடும் உத்தி ராஜேஷ்குமாரின் மாத நாவல்களைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு நன்கு பழக்கமானது. அவரிடம் இரண்டு தடங்களுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கடைசிவரை மறைந்திருக்கும் சுவாரசியம். ஃபோர்சைத்திடம் தொடர்பு தொடக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. எதையும் ஒளிக்காமலே ஒருவர் இவ்வளவு பதற்றம் உண்டாக்க முடிகிறது என்பதுதான் அவருடைய சாதனை.

இந்தத் திறந்த கணக்கால் நமக்கு நேர்வது இன்னொன்று. ஜாக்கலின் உழைப்பை ஒன்றுவிடாமல் கூட இருந்து பார்த்துவிட்டோம். காருக்கு அடியில் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு அவன் இத்தாலி எல்லையில் சுங்க அதிகாரிகளுக்கு முன்னால் நிற்கும்போது, மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நமக்கு வியர்க்கிறது. கொலைகாரன் பிழைக்க வேண்டும் என்று நாம்தான் விரும்புகிறோம்! ஒரு வேலையை நேர்த்தியாகச் செய்கிறவன்மேல் மனித மனத்துக்கு இயல்பாக எழும் மரியாதை, அந்த வேலை என்ன என்று கேட்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. இதை ஓர் அறநூல் நமக்குச் சொல்லலாம். ஃபோர்சைத் நம் உடம்பிலேயே நடத்திக் காட்டுகிறார்.

ஜான் லெ காரே வேறு கணக்குப் போட்டார். பிரிட்டிஷ் உளவுத் துறையில் வேலை பார்த்தவர். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தபோது மேற்கு ஜெர்மனியில் பணியில் இருந்தார். 1963-இல் வந்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ அந்தச் சுவரின் அருகில் தொடங்கி அந்தச் சுவரின் அருகிலேயே முடிகிறது. பெர்லினில் பிரிட்டிஷ் உளவுக்குப் பொறுப்பாளரான லீமஸ், தன் கடைசி ஆள் எல்லையைக் கடக்கும்போது சுடப்பட்டு விழுவதைக் கண்ணால் பார்க்கிறார். லண்டனில் மேலிடம் அவருக்குக் கடைசியாக ஒரு வேலை தருகிறது. கிழக்கு ஜெர்மன் உளவுத் துறையின் முண்ட் என்பவனை அவன் ஆட்களே துரோகி என்று நினைக்கும்படி செய்ய வேண்டும். லீமஸ் குடித்துச் சீரழிகிறார், வேலையை இழக்கிறார், ஒரு மளிகைக்கடைக்காரரை அடித்துச் சிறைக்குப் போகிறார். இது நடிப்பு என்று ஆசிரியர் ஒரு வரியில்கூட விளக்கமாட்டார். அலுவலகத்து ஊர்வம்பு போலவே அந்தச் சரிவைச் சொல்லிப் போகிறார். நாமாகப் புரிந்துகொண்டு, ரகசியம் நமக்கும் தெரியும் என்ற பெருமிதத்தோடு லீமஸின் பக்கத்தில் நடக்கிறோம்.

அந்தப் பெருமிதம்தான் பொறி. கிழக்கு ஜெர்மனியின் ரகசிய விசாரணை அறையில், தன்னை அனுப்பியவர்கள் தன்னிடம் சொன்ன திட்டமே வேறு என்று லீமஸுக்கு விளங்குகிறது. அதே கணத்தில் நமக்கும் விளங்குகிறது. யாரைக் காப்பாற்ற, யாரைப் பலியிட அது வகுக்கப்பட்டது என்பதை இன்னும் படிக்காதவருக்காக நான் இங்கே சொல்லவில்லை. நம் பக்கம், எதிர்ப்பக்கம் என்று நாம் போட்டு வைத்திருந்த கோடு அங்கே அழிகிறது. ஃபோர்சைத்திடம் எல்லாரையும்விட நமக்கு அதிகம் தெரியும். லெ காரேயிடம் எல்லாம் தெரியும் என்று நம்பிய நாமும் ஏமாற்றப்பட்ட ஆட்களில் ஒருவர். அரசுகள் குடிமக்களிடம் பேசும் மொழியை இவ்வளவு துல்லியமாக உணரவைத்த புத்தகங்கள் அரசியல் நூல்களிலும் குறைவு.

தாமஸ் ஹாரிஸும் செய்தியாளராக இருந்து எழுத வந்தவர். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1972-இல் குவாண்டிகோவில் குற்ற மனங்களை ஆராய ஒரு பிரிவு தொடங்கியது. அந்த உலகத்தை வைத்து 1981-இல் ‘ரெட் டிராகன்’ நாவலையும், 1988-இல் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ நாவலையும் எழுதினார். தொடர் கொலை நாவல் என்றால் இன்றும் எல்லாரும் அளவுகோலாக எடுப்பது இந்த இரண்டையும்தான்.

‘ரெட் டிராகன்’ கதையில் பௌர்ணமிதோறும் ஒரு குடும்பம் கொல்லப்படுகிறது. ஓய்வு பெற்ற புலனாய்வாளர் வில் கிரஹாம் வேண்டாவெறுப்பாகத் திரும்பி வருகிறார். இறந்தவர்கள் எடுத்த வீட்டுப் படச்சுருள்களை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்; பிள்ளைகளும் நாயும் சிரிப்புமாக இருந்த ஒரு வீடு. கொலைகாரன் டாலர்ஹைட் அந்தப் படச்சுருள்களைக் கழுவித் தரும் நிறுவனத்தில் வேலை செய்பவன் என்பது கிரஹாமுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. விடை திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே கிடைக்கும் பதற்றத்தை எந்தத் துரத்தலும் தர முடியாது.

பிறகு ஹாரிஸ் கொலைகாரனின் பக்கத்துக்கே நம்மை அழைத்துப் போகிறார். மேலுதட்டுப் பிளவோடு பிறந்து, அன்பென்பதே அறியாமல் அவமானத்தில் வளர்ந்த டாலர்ஹைட், பார்வையற்ற ரீபா என்ற பெண்ணோடு பழகுகிறான். பல் சிகிச்சைக்காக மயக்க ஊசி போட்டுக் கிடத்தியிருக்கும் ஒரு புலியை அவள் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்கிறான். அவள் கை புலியின் உரோமத்தின் மேலும், மூச்சில் ஏறி இறங்கும் விலாவின் மேலும் போகிறது. அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இந்த வகை எழுத்து எட்டியிருக்கும் உச்சங்களில் ஒன்று இது. இவன் இன்னார் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுக்காக அஞ்சுகிறோம், அவனுக்காகவும் நெஞ்சு கனக்கிறது. இறந்த குடும்பங்களை மறக்காமலே இதை நம்மால் உணர முடிகிறது. ஹாரிஸ் எந்த மன்னிப்பும் வழங்குவதில்லை.

அடுத்த நாவலில், அடைபட்டிருக்கும் கொலைகார மனநல மருத்துவர் லெக்டரின் பேச்சுதான் எல்லார் நினைவிலும் நிற்கிறது. 1991-இல் வந்த படமும் ஐந்து ஆஸ்கரும் அதை இன்னும் உறுதிப்படுத்திவிட்டன. எனக்கு உயர்வாகப்படுவது கிளாரிஸ் என்ற பயிற்சி மாணவி முதலில் கொல்லப்பட்ட பெண்ணின் அறைக்குப் போகும் இடம். அந்தப் பெண் தையல் தெரிந்தவள். அலமாரியில் தொங்கும் அவள் தைத்த உடுப்பில் டார்ட் என்ற மடிப்புத் தையல் பிடித்திருக்கும் வடிவத்தைப் பார்த்ததும், இன்னொரு உடலில் வெட்டி எடுக்கப்பட்ட தோலின் வடிவம் கிளாரிஸுக்குப் புரிகிறது: கொலைகாரனுக்குத் தைக்கத் தெரியும். மேலதிகாரிகள் விமானத்தில் படையோடு பறந்து தவறான வீட்டுக்குப் போகிறார்கள். இறந்துபோனவளின் வாழ்க்கையைப் பொறுமையாகப் படித்தவள் தனியாளாகச் சரியான கதவைத் தட்டுகிறாள்.

இந்த வகையில் குவியும் மட்டமான புத்தகங்களை இதை வைத்தே இனங்காணலாம். அவற்றில் பிணங்கள் எண்ணிக்கைக்காக விழுகின்றன. செத்தவருக்கு ஒரு வீடோ ஒரு தொழிலோ இருந்ததாகத் தெரியாது. மர்மத்தைக் காக்க ஆசிரியர் நம் கண்ணை மூடுகிறார், கடைசியில் திறந்து காட்டி அதிர்ச்சி என்கிறார். ஒருமுறை படித்தால் தீர்ந்துவிடும். முடிவைத் தவிர அவற்றில் வேறு சரக்கு இல்லை.

வேகக் கதைகள் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. இந்த நான்கில் எதையாவது ஓர் இரவில் படித்து முடியுங்கள், அதற்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு, முடிவு தெரிந்த பிறகு, இரண்டாம் முறை நிதானமாகப் படியுங்கள். எந்தப் பக்கத்தில் நான் கொலைகாரன் கட்சிக்குப் போனேன், எந்த வரியில் பொய்யை நம்பினேன், யாருக்காக இரங்கினேன் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் வாசிப்பில் ஆசிரியரின் திறமை தெரியும். இரண்டாவதில் நம்மைப் பற்றிச் சிலது தெரியவரும். அவ்வளவையும் தாங்கும் எழுத்துக்கு இலக்கியம் என்ற பெயரைத் தர எனக்குத் தயக்கமில்லை.