உள்ளே போன நந்தன் என்ன ஆனான்?

சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். அவர் எடுப்பித்த திருநாகேசுவரமும் இங்கேதான் இருக்கிறது, அவருக்கே ஒரு கோயிலும் இருக்கிறது. இரண்டாம் குலோத்துங்கனிடம் மந்திரியாக இருந்தவர். நிலம், வரி, ஓலை, கணக்கு என்று அரசாங்கம் நடத்தத் தெரிந்த மனுசன். நந்தன் கதையை விரித்து எழுதி வைத்ததும் அவர்தான்.

2024இல் இரா. சரவணன் இயக்கி, சசிகுமார் நடித்து 'நந்தன்' என்றொரு படம் வந்தது. தனி ஊராட்சியாக மாற்றப்பட்ட ஒரு கிராமத்தில், இதுவரை தலைவராக இருந்த ஆதிக்க சாதிக்காரர் தன் வீட்டுக்கு உழைக்கிற ஆளையே தலைவராக நிறுத்துகிற கதை. அந்த ஆளின் சொந்தப் பெயர் அம்பேத்குமார். ஊர் கூப்பிடுகிற பெயர் கூழ்ப்பானை. இந்தப் பெயர் மாற்றத்திலேயே பாதிக் கதை இருக்கிறது. படத்தின் கடைசியில் உண்மையான தலித் ஊராட்சித் தலைவர்கள் திரையில் வந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். என் கணிப்பில் முழுப் படத்தையும்விட அந்தச் சில நிமிடங்கள் கனமானவை.

படம் நேர்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பார்த்து முடித்ததும் ஒரு குறை நெஞ்சில் தங்கிவிட்டது. அந்தக் குறை படத்துக்கு மட்டும் உரியதல்ல. நம் எழுத்துக்கும் உரியது. அதைச் சொல்ல முதலில் பழைய நந்தனிடம் போக வேண்டும்.

எம்.ஏ. வகுப்பில் திருநாளைப்போவார் புராணத்தை எங்களுக்கு 'பக்தியின் வெற்றி' என்று நடத்தினார்கள். நாங்களும் நோட்ஸ் எழுதிக்கொண்டோம். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவன், கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவன், திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிடப்பட்டவன், தில்லைக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று ஏங்கியவன். கடைசியில் தீயில் இறங்கி, பூணூலும் சடையுமாக முனிவர் வடிவில் எழுந்து, கோயிலுக்குள் போகிறான். போனவனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கதை அங்கே முடிகிறது.

அன்றைக்கு வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியை இப்போது கேட்கிறேன். உள்ளே போன நந்தன் என்ன ஆனான்? தீ அவன் உடம்பை மாற்றியது. தில்லையின் வாசல் விதியை அது மாற்றவில்லை. அவனுக்குப் பின்னால் அவன் சேரியிலிருந்து ஒருத்தரும் அந்த வாசல் வழியாகப் போகவில்லை. அரசாங்கம் நடத்திய மந்திரிக்கு, உள்ளே போனவன் மறுநாள் அங்கே என்ன அதிகாரத்தோடு நிற்பான் என்று எழுதத் தேவைப்படவில்லை. நுழைவோடு கதையை முடித்துக்கொள்வது நுழைய விடாதவனுக்கும் வசதியான முடிவு.

1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதவர்கள் யார் என்பது பற்றிய தன் நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களின் முகத்துக்கு நேராகவே பேசினார். கிராமக் குடியரசுகளே இந்த நாட்டின் சீரழிவு என்றார். வரைவுச் சட்டம் கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். பிறகு கிராமப் பஞ்சாயத்து 40ஆம் பிரிவாக உள்ளே வந்தது. 1992இல் 73, 74ஆம் திருத்தங்கள் வழியாக இடஒதுக்கீட்டோடு வந்தது.

எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளாட்சி என்று பேச்செடுத்தால் உடனே உத்திரமேரூர்க் குடவோலையைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள். அவற்றைப் படித்தவர்கள் குறைவு. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35இலிருந்து 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவுகளையும் விலக்கியது என்பது நல்ல விதிதான். ஆனால் அந்தக் குடத்துக்குள் நம் பாட்டன் பூட்டன் பெயர் எழுதின ஓலை விழுந்திருக்க வழியில்லை.

ஓலை விழ வழி வந்தது 1996 தேர்தலில். மேலவளவில் வென்ற முருகேசனை 1997 ஜூன் 30இல், மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்த் திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்துக் கூட வந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரை 2019இல் முன்கூட்டியே விடுதலை செய்தது அரசு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கு ஊர்களிலும் 2006 வரை பத்தாண்டுகள் தலைவர் பதவியை இயங்க விடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளியே வந்தது.

அந்தப் படத்தைப் பார்த்து நம்மில் எத்தனை பேர் கவிதை எழுதினோம்! நானும் எழுதினேன். அன்றிலிருந்து நாற்காலியே நம் அடையாளமாகிவிட்டது. 2023இல் வந்த 'மாமன்னன்' அதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. எம்.எல்.ஏ. ஆன பிறகும் உட்கார முடியாத அப்பனை மகன் உட்காரச் சொல்கிற இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. நாற்காலி சின்ன விஷயமா என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. அதற்காக உயிரே போயிருக்கிறது. ஆனால் நாற்காலியோடு கதையை முடித்துக்கொண்டால் நாமும் சேக்கிழார் முடித்த இடத்திலேயேதான் முடிக்கிறோம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஓர் உள்ளாட்சி மன்றம். பெயர் வேண்டாம். அங்கே தனி வார்டில் வென்ற அக்கா ஒருத்தர். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். அவருக்கு நாற்காலி போட்டார்கள், சால்வை போட்டார்கள், பெயரைப் பலகையில் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்து என்னிடம் சொன்னார்: "ஒக்கார வெச்சாங்க தம்பி. ஒக்காந்துகினுதான் கீறேன். இன்னா எழுதறாங்கன்னுதான் தெரியல."

காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப் போகிற பாதையில் ஒரு மதில் எழும்பியிருந்தது. பாதையை மீட்டுத் தரச் சொல்லி மனு எழுதிக்கொண்டு போனோம். அங்கே ஒரு தீர்மான நகலைக் காட்டினார்கள். அந்தப் பாதை பயன்பாட்டில் இல்லை என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. அக்காவின் கையெழுத்தும் இருந்தது. கூட்டத்துக்கு வந்தவுடன் வருகைக்கென்று வாங்கிய கையெழுத்து. பொருள் எண் எதையும் யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. டீயும் சமோசாவும் வந்தது, கூட்டம் முடிந்தது. "எங்கம்மாவ அந்த வழியிலதான்பா தூக்கினு போனோம்"னு சொல்லிவிட்டு அக்கா அந்த நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, சாதி இப்போது இந்த 'ஒருமனதாக' என்கிற சொல்லுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. கூட்டப் பொருளை யார் தயாரிக்கிறார்கள், எத்தனை நாள் முன்னால் கொடுக்கிறார்கள், கடைசி நேரத்தில் மேசையில் வைக்கிற பொருள் எது, பதிவேட்டை எழுதுகிற கை யாருடையது, இதிலெல்லாம் இருக்கிறது. கிராம ஊராட்சியில் காசோலைக்குத் தலைவர் கையெழுத்தோடு துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவருக்கு இல்லை. அவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, தனி ஊராட்சியில் தோற்றவன் துணைத்தலைவர் வழியாகத் திரும்பி வந்து பேனாவை மூடி வைத்துக்கொள்ளலாம். கூழ்ப்பானையின் அவமானங்களை அடுக்கடுக்காகக் காட்டிய படம், இந்தக் காசோலையிலும் பதிவேட்டிலும் அந்த அளவுக்கு நின்று பார்க்கவில்லை. அடியும் வசவும் திரையில் தெரியும், மினிட் புத்தகம் தெரியாது என்பது சினிமாவின் சங்கடமாக இருக்கலாம். எழுத்துக்கு அந்தச் சங்கடம் கிடையாது. நாம் ஏன் எழுதவில்லை?

குன்றத்தூர் 2021இல் நகராட்சி ஆயிற்று. 2022 பிப்ரவரி 19இல் வாக்களித்தது. ஷிப்ட் பஸ்கள் விடிய விடிய ஓடுகிற இந்தப் பக்கத்தில் ஒரு முழம் நிலமும் இன்றைக்குப் பொன். ஏரிக்கரை, மேய்ச்சல், சுடுகாட்டுப் பாதை எதுவானாலும் ஒரு தீர்மானத்தில் கைமாற முடியும். குப்பை அள்ளுகிற நம் சனங்களின் வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா என்பதும் மன்றங்களின் மேசையில் தொடுகிற விஷயம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த மாநகராட்சிக்கு அப்போது மேயராக இருந்தவர் 2022இல் பொறுப்பேற்ற ஆர். பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். இதை அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நாற்காலி ஒரு பக்கமும் முடிவெடுக்கிற பேனா இன்னொரு பக்கமும் இருக்க முடியும் என்பதற்காக எழுதுகிறேன்.

அக்கா அதற்குப் பிறகு ஒன்று செய்தார். பன்னிரண்டாவது படிக்கிற மகளின் பழைய கோடு போட்ட நோட்டை வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், எந்தப் பொருளைப் படித்தார்கள், எதைப் படிக்கவில்லை என்று தன் கையாலேயே குறித்தார். எழுத்துப் பிழை நிறைய. அடுத்த கூட்டத்தில் எழுந்து, போன கூட்டத்தின் தீர்மானத்தை வாசிங்க என்றார். சிரித்தார்கள். உட்காரவில்லை. "நான் மறுக்கிறேன்னு எழுதுங்க. எழுதினப்பறம் கையெழுத்துப் போடறேன்" என்றார். எழுதினார்கள். மதில் இன்னும் அப்படியே நிற்கிறது. ஆனால் பதிவேட்டில் 'ஒருவர் நீங்கலாக' என்று ஒரு சொல் விழுந்திருக்கிறது. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் எங்களுக்கு அந்தச் சொல் வேண்டும்.

அந்த நோட்டை நான் பக்கம் பக்கமாகப் படித்தேன். 'நந்தன்' படத்தின் கடைசியில் பேசுகிற தலைவர்களின் குரலும் இந்த நோட்டும் ஒரே இனம். இப்படி இன்னும் எத்தனை நோட்டுகள் எத்தனை வீட்டுப் பரண்களில் கிடக்கின்றனவோ. தனி வார்டு உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், அவர்கள் கூட ஓடியாடின பிள்ளைகள் தங்கள் மன்ற அனுபவத்தை எழுத வேண்டும். எழுத வராதவர்கள் சொல்லட்டும், நாம் எழுதுவோம். பிழை திருத்தாமல் இந்தப் பத்திரிகை அச்சிட வேண்டும். உள்ளே போனதோடு நந்தன் மறைந்து போனான் என்று மந்திரி எழுதியதை எட்டு நூற்றாண்டுக்கு மேலாகப் படித்தாயிற்று. உள்ளே போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.