சர்க்கரையை மணலாக்கிய தட்டுவடை!

ஏற்காடு என்றால் எல்லோரும் ஏரிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் ஓடுவார்கள். நான் ஓடியது ஓர் இலையைத் தேடி! கூசாமல் சொல்கிறேன், அந்த இலைமேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சிறுகுறிஞ்சான்! ஏற்காட்டின் சேர்வராயன் மலைப் புதர்களில் தன்பாட்டுக்குப் படரும் கொடி. நாட்டு மருந்துக் கடையில் சர்க்கரைக்கொல்லிப் பொடி என்று வாங்கியிருப்பீர்கள். பச்சையாக மென்றிருக்கிறீர்களா?

நினைத்துப் பாருங்கள். மலைக்கிராமத்து அக்கா ஒருவர் ரெண்டு இலையைக் கிள்ளிக் கையில் வைத்து, "நல்லா மென்னு நாக்குல பொரட்டுங்க தம்பி, அவசரப்படாதீங்க" என்கிறார். கசப்பு, துவர்ப்பு, பச்சை வாசனை. கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போடுகிறீர்கள். இனிப்பே இல்லை! நறநறவென்று மணல்! இன்னொரு சிட்டிகை போட்டேன், மணல். டீயை உறிஞ்சினேன், வெறும் துவர்ப்பு. கைகொட்டிக் குதித்தேன், அக்கா சிரிக்கிறார், நான் நிறுத்தவே இல்லை!

இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அரைமணி நேரம்போலச் சர்க்கரைக்கு அங்கே இடம் கிடையாது. 1887-லேயே உதகையில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்துவிட்டார். 1990-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், சர்க்கரை நோய் மாத்திரையோடு இந்த இலைச்சாற்றையும் 18 முதல் 20 மாதம் எடுத்துக்கொண்ட 22 பேருக்கு ரத்தச் சர்க்கரை அளவு இறங்கியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எப்பேர்ப்பட்ட இலை!

இதை நொறுக்குத்தீனியாக்கினால்? சர்க்கரைக்காரர்களுக்குச் சோதனையே சாயங்கால டீ வேளைதானே! மலையில் விளைந்த சாமை மாவு, பொட்டுக்கடலை மாவு, சுண்டைவற்றல் பொடி, காப்பித் தோட்டத்து மிளகு, சீரகம், உப்பு எல்லாம் பிசைந்து, வாழையிலையில் மெல்லிசாகத் தட்டி, தோசைக்கல்லில் சொட்டு எண்ணெய் விட்டு, ஓரம் சிவக்கச் சிவக்க மொறுமொறுவென்று எடுத்து, நிழலில் உலர்த்திய சிறுகுறிஞ்சான் பொடியைச் சூட்டோடு தூவி... அடடா! கடித்ததும் படக்கென்று உடைகிறது, மிளகு சுள்ளென்று ஏறுகிறது, சுண்டையின் கசப்போடு இலையின் கசப்பும் கைகோத்து இறங்குகிறது, எதிரே தட்டில் லட்டு இருக்கிறது, அதைத் தொடக்கூடத் தோன்றவில்லை! எந்த அறிவுரையாலும் அடங்காத இனிப்பு ஆசையை ஒரு தட்டுவடை அடக்கிவிட்டது, அய்யா!

சாமையிலும் மாவுச்சத்து உண்டு, தட்டு நிறைய அள்ளக்கூடாது. மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும், மருந்தை நிறுத்தவே கூடாது. அவ்வளவுதான், வேறு குறை சொல்ல எனக்கு மனசு வராது!

பக்கத்துக் கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து சிறுதானியத்தை விற்பனைப் பண்டமாக்கிக் காட்டியிருக்கிறது. சேர்வராயனிலும் ஏன் முடியாது? கொடியை வேரோடு பிடுங்காமல் வேலியில் ஏற்றி, மகளிர் குழுக்கள் இலை பறிக்கட்டும். சேலத்துத் தெருவோரம் கேரட், பீட்ரூட், சட்னி வைத்துக் கொடுக்கிறார்களே தட்டுவடை செட், அதில் இந்தத் தட்டுவடை ஏறட்டும். யாராவது கடை போடுங்கள், முதல் செட் எனக்கு!