பார்க்க ஒன்றுமில்லாத இடம்

வெளியூர் போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் இப்போது கோபுரமும் அருங்காட்சியகமும் குறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் காய்கறிச் சந்தை, சலவைக்கடை, பேருந்து நிறுத்தம், பெயர்ப்பலகை உதிர்ந்த சந்து ஆகியவை வந்திருக்கின்றன. இதை ஒரு முன்னேற்றம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நானும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இவற்றைத் தொடர்ந்து படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. கோபுரத்தைப் பார்த்த அதே கண்தான் சந்தையையும் பார்க்கிறது. அதே வியப்பு, அதே அவசரம், ஊர் திரும்பியதும் அதே பெருமை. 'நானும் பார்த்தேன்' என்பது போய் 'நான் மட்டுமே பார்த்தேன்' என்று ஆகியிருக்கிறது. பட்டியல் மாறியிருக்கிறதே தவிர பார்வை மாறியதாகத் தெரியவில்லை.

ஒரு நகரத்தில் யாரும் பொருட்படுத்தாத, அன்றாடமான இடத்தைப் பார்ப்பது என்றால் என்ன? இந்தக் கேள்வியை அதன் முழுக் கடுமையோடு எடுத்துக்கொண்டவர் என்று எனக்குப் படுபவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக். 1974 அக்டோபர் 18, 19, 20 ஆகிய மூன்று நாட்கள் அவர் பாரிஸின் ஸான்-ஸுல்பீஸ் சதுக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். அது 1975-இல் ஓர் இதழில் வெளிவந்தது. அவர் இறந்த 1982-இல் தனி நூலாயிற்று. பாரிஸில் ஓர் இடத்தை எழுதித் தீர்த்துவிடும் முயற்சி என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முயற்சி என்ற சொல்லிலேயே தோல்வியும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அந்தச் சதுக்கம் ஒன்றும் அநாமதேயமான இடமில்லை. பெரிய மாதாகோவில் இருக்கிறது. அதனுள் தெலாக்ருவா வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. நடுவில் சிலைகளோடு ஒரு நீரூற்று. வழிகாட்டி நூல்கள் இவற்றையெல்லாம் வர்ணித்து முடித்துவிட்டன. பெரெக் தொடக்கத்திலேயே அவற்றைச் சில வரிகளில் பட்டியலிட்டு ஒதுக்கிவிடுகிறார். மிச்சம்தான் தன் வேலை என்கிறார். இது முக்கியம். கவனிக்கப்படாத இடத்தைத் தேடி அவர் ஊரின் மறுகோடிக்குப் போகவில்லை. மிகவும் கவனிக்கப்பட்ட இடத்திலேயே கவனிக்கப்படாதது கிடக்கிறது என்பது அவருடைய துணிபு.

நூலில் என்ன இருக்கிறது? பேருந்துகள். 63, 70, 86, 87, 96 என்று எண்களோடு அவை வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. புறாக்கள் கூட்டமாக எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அமர்கின்றன. ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒரு சிறு கார். பைகள், குடைகள், நாய்கள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கேக் பொட்டலங்களோடு மனிதர்கள் போகிறார்கள். இவ்வளவுதான். கதை கிடையாது, படிமமும் கிடையாது. வாசகனுக்குச் சலிப்பு வருகிறது. எழுதுகிறவருக்கும் களைப்பு வருகிறது. அதையும் நேரத்தோடு குறித்துவிடுகிறார்.

சலிப்பை மீறிப் படிப்பவனுக்கு இரண்டு விஷயங்கள் தட்டுப்படும். பேருந்தை ஏன் எண்ண வேண்டும் என்று பெரெக்கே கேட்டுக்கொள்கிறார். அவை வந்தே ஆகவேண்டியவை, ஒழுங்கானவை; அவற்றை வைத்து நேரத்தைக் கூறுபோட முடிகிறது. மற்றதெல்லாம் தற்செயல். அதாவது அன்றாடம் என்று நாம் ஒரே குவியலாகச் சொல்வதற்குள் விதிக்கு உட்பட்டதும் உட்படாததும் கலந்து கிடக்கின்றன. எண்ணிப் பார்க்காமல் இது தெரியாது. அடுத்தது, இரண்டாம் நாள். அன்று அவர் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று தேடுகிறார். முதல் பார்வைக்கு எதுவும் மாறவில்லை. பிறகு மெதுவாக மாற்றங்கள் பிடிபடத் தொடங்குகின்றன. இந்த நூலின் உயிர் இரண்டாம் நாளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு தடவை பார்த்த சதுக்கம் வெறும் காட்சி. மறுபடியும் பார்க்கும்போதுதான் அது ஓர் இடமாகிறது.

நம் பயணக் கட்டுரைகளில் இல்லாதது இந்த இரண்டாம் நாள். ஒரு காலையில் சந்தைக்குப் போய், மீன் விற்பவளின் முகத்தில் ஒரு நகரத்தின் ஆன்மாவையே கண்டு, மாலை ரயிலில் ஏறிவிடுகிறோம். அவள் நாளைக்கு அங்கே இருப்பாளா, வேறு முகத்தோடு இருப்பாளா என்ற கேள்வி எழுவதற்கே அவகாசமில்லை.

பெரெக்கின் சதுக்கத்தை உல்லாசப் பயணிகளின் பேருந்துகளும் கடந்து போகின்றன. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஜப்பானியர்கள் படம் எடுக்கிறார்கள். நம்மவர் இதை எழுதியிருந்தால் இரண்டு வரி ஏளனம் சேர்த்திருப்பார். பெரெக் சேர்க்கவில்லை. 63-ஆம் எண் போவதுபோல அதுவும் போகிறது. அவர் உட்கார்ந்திருக்கும் காப்பிக்கடைக்கும் கண்ணாடி உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல.

இந்த வறட்சியின் மதிப்பு தெரிய இன்னொரு பிரெஞ்சு நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1926-இல் வந்த லூயி அரகோனின் 'பாரிஸின் குடியானவன்'. ஒபெரா பாசாஜ் என்ற, கூரை போட்ட பழைய கடைச்சந்து, நெடுஞ்சாலை விஸ்தரிப்புக்காக 1925-இல் இடிக்கப்பட்டது. இடிபடவிருக்கும் அந்தச் சந்தின் முடிதிருத்தகம், குளியல் விடுதி, காப்பிக்கடை எல்லாவற்றையும் அரகோன் கடை கடையாக எழுதுகிறார். ஆனால் கைத்தடி விற்கும் கடை இரவில் கடலடி வெளிச்சத்தில் மிதக்கிறது. அதில் ஒரு கடற்கன்னி நீந்துகிறாள். அற்புதமான எழுத்துதான். என்றாலும் அங்கே அன்றாடம் தன்னளவில் போதவில்லை. அற்புதமாக மாறினால்தான் அதற்கு அநுமதி. இன்றைய 'யாரும் அறியாத இடங்கள்' எழுத்தெல்லாம், தான் அறியாமலே, அரகோனின் வாரிசு. அரகோனின் மேதைமை மட்டும் அதில் இல்லை. தேநீர்க் கடையைத் தேநீர்க் கடையாக விட்டுவைக்க அதற்கு மனமில்லை.

பெரெக்கின் நூல் குறைகளற்றது என்று நான் சொல்லவரவில்லை. அவர் யாரோடும் பேசுவதில்லை. மனிதர்கள் கோட்டும் பையுமாகக் கடந்து போகிறார்கள். மேலும் அவர் பயணியும் அல்ல, உள்ளூர்க்காரர். நடுவே அவருடைய நண்பர் போல் விரிலியோவே அந்த வழியாகப் போகிறார். இந்த முறையை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு, நம் பேருந்து நிலையங்களில் உட்கார்ந்து பட்டியல் போடக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது.

பெல்வில் பகுதியில் விலேன் தெரு. பெரெக்கின் குழந்தைப் பருவம் அங்கே கழிந்தது. 24-ஆம் எண் வீட்டில் தாயார் பெண்களுக்கான முடிதிருத்தகம் வைத்திருந்தார். தகப்பனார் 1940-இல் போரில் இறந்தார். தாயார் 1943 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்கு நாடுகடத்தப்பட்டார், திரும்பவில்லை. 1969-இல் பெரெக் ஒரு திட்டம் போட்டார்: பாரிஸில் 12 இடங்கள், 12 ஆண்டுகள்; ஒவ்வோர் இடத்தையும் ஆண்டுக்கொரு முறை நேரில் போய் ஒரு தடவை, நினைவிலிருந்து ஒரு தடவை எழுதி, உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். அந்தப் பன்னிரண்டில் விலேன் தெருவும் ஒன்று. 1975-இல் திட்டம் கைவிடப்பட்டது. எழுதிய மட்டும் 2022-இல் புத்தகமாக வந்திருக்கிறது.

விலேன் தெருக் குறிப்புகளில் அழுகை இல்லை. எந்தக் கடை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், எந்த வீட்டின் இடத்தில் தகரவேலி என்று எண் எண்ணாக எழுதுகிறார். 24-ஆம் எண்ணில் முடிதிருத்தகத்தின் பெயரெழுத்து மங்கலாக இன்னும் தெரிகிறது என்று குறிக்கிறார். அதைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வருஷத்துக்கு வருஷம் தெரு தேய்கிறது. 1982-இல் அந்த வீடும் இடிக்கப்பட்டது. 1988-இல் அந்தப் பக்கத்தில் பூங்கா திறந்தார்கள்.

இங்கேதான் விஷயம் ருசியைத் தாண்டிப் போகிறது. மாதாகோவிலுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, சரித்திர ஆசிரியர்கள் உண்டு. முடிதிருத்தகத்துக்கு யார் உண்டு? அதைப் பார்த்தவனின் குறிப்பு மட்டுமே. அந்தக் குறிப்பில் அழகு சேர்த்தால் சாட்சியம் கெட்டுவிடும். பெரெக்கின் வறட்சி ஓர் உத்தியாக எனக்குப் படவில்லை. ஒரு நிர்ப்பந்தமாகவே படுகிறது.

பயணிக்கு இப்படி ஒரு தெரு கிடையாது. இழந்தது எதுவும் அவனுக்கு அந்த நகரத்தில் இல்லை. அவனால் தரக்கூடியது காலமும் துல்லியமும்தான். தமிழில் இதற்கு உதாரணம் வேண்டுமானால் அசோகமித்திரனின் 'ஒற்றன்!' இருக்கிறது. 1973-இல் அயோவா நகருக்கு எழுத்தாளர் திட்டத்தில் போய் மாதக்கணக்கில் தங்கியதன் விளைவு அது. அமெரிக்காவின் பெருமைகளைத் தேடிப் போகிறவனுக்கு அதில் ஏமாற்றம்தான். குளிர், சாப்பாடு, சக எழுத்தாளர்களோடு பழகுவதன் சங்கடங்கள். ஆனால் எதுவும் கண்டுபிடிப்பாக அறிவிக்கப்படுவதில்லை. தங்கியவனுக்கு அவையெல்லாம் அவசியங்கள். அதனாலேயே நமக்கு அந்த ஊர் கிடைக்கிறது. பெரெக்கிடம் இல்லாத பேச்சும் மனிதர்களும் இதில் உண்டு.

எழுதப்பட்ட இடம் எழுதப்பட்டதாலேயே மாறிவிடுகிறது என்பது இன்னொரு சிக்கல். 2003-இல் 'டாவின்சி கோட்' நாவல் வந்தபின் ஸான்-ஸுல்பீஸ் மாதாகோவிலின் தரையில் ஒரு ரகசியக் கோட்டைத் தேடிக் கூட்டம் வந்தது. நாவலில் சொன்னது கற்பனை என்று மாதாகோவிலே அறிவிப்பு வைக்க நேர்ந்தது. பெரெக் உட்கார்ந்த காப்பிக்கடைக்கும் இன்று அவருடைய வாசகர்கள் தேடிப் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நாற்காலியைப் படம் எடுக்கிறார்கள், எத்தனை பேர் பேருந்தைப் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே சந்தைக்கும் சந்துக்கும் போகும் நம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். தேதியையும் மணியையும் எழுதுங்கள். மறுநாளும் அதே இடத்துக்குப் போங்கள். நேற்று எழுதியதில் எது பொய்யாகிறது என்று பாருங்கள். உண்மையான நகரம் இதுதான் என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே வாழ்கிறவனுக்கு அது பார்க்க ஒன்றுமில்லாத இடம். அவன் சொல்வதையும் ஒரு வரி குறித்துக்கொள்ளலாம்.