மின்மினிகளின் கல்லறை

ஜப்பானிய அசைவோவியப் படங்களைச் சிறுவர் கேளிக்கை என ஒதுக்குவோர் நம்மிடையே பலர். நரை தோன்றிய பின்னரும் அவற்றை விடாது பார்த்துவரும் என்னைக் கண்டு கலும்பாங் நண்பர்கள் நகைப்பதுண்டு, நகைக்கட்டும்.

இசாவோ தக்காஹாத்தா 1988இல் இயக்கிய ‘மின்மினிகளின் கல்லறை’யை எடுத்துக்கொள்வோம். அகியுகி நொசாக்கா 1967இல் எழுதிய சிறுகதையே அதன் மூலம். 1945இல் குண்டுவீச்சில் எரிந்த கோபே நகரில் தாயை இழந்த பதினான்கு வயதுச் செய்தாவும், அவன் தங்கை, நான்கு வயதுச் செத்சுகோவும் பட்டினியால் மாய்கின்றனர். முதன்முறை பார்த்தபோது, அவர்களுக்கு இடமளித்துச் சுடுசொல் கூறிய அத்தையை வெறுத்தேன். பிள்ளைகளைப் பெற்ற பின் மறுபடி பார்க்கையில், அவள் வீட்டு அரிசித் தட்டுப்பாடும், தன்மானத்தால் தங்கையோடு வெளியேறிய அண்ணனின் பிழையும் கண்ணிற்பட்டன.

ஆயினும் ஓர் உறுத்தல். செய்தாவின் தந்தை கடற்படை அதிகாரி. அவர் பணிபுரிந்த பேரரசுதான் 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் தோட்டத் தமிழரைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசென்றது. எங்கள் முதியோர்க்கு ‘ஜப்பான்காரன் காலம்’ என்றால் மரவள்ளிக்கிழங்கும் திரும்பி வராதவர்களுமே. படம் இதுபற்றி வாய் திறப்பதில்லை. தந்தையின் நிழற்படத்தைச் சிறுவன் பெருமையோடு காக்கிறான். அப்பெருமையே அவனை அழிக்கிறது என்ற அளவில் இயக்குநர் நின்றுவிடுகிறார். இதனைக் குறை என்றே கருதுகிறேன்.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்த கையோடு மாணவர்கள் இப்படத்தைப் பார்க்கவேண்டும். நான் அவ்வாறே பார்த்தேன். செத்சுகோவுக்காகக் கண்ணீர் அப்போதும் வந்தது.