பேஜட் எழுதாத இயல்

ஆட்சிமுறை பற்றிய ஏடுகளிலே, நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் மதிப்புக் குன்றாமல் உலவி வருவது வால்ட்டர் பேஜட் என்பார் எழுதிய 'ஆங்கிலேய அரசியலமைப்பு'. 1865 முதல் ஓர் இதழிலே கட்டுரைத் தொடராக வெளிவந்து, 1867-இல் நூலுருப் பெற்றது. முடியரசர்க்கு என்ன உரிமை, முதலமைச்சர்க்கு என்ன உரிமை என்று இங்கிலாந்திலே வாதம் மூளும்போதெல்லாம் இன்றும் இந்த ஏட்டைத்தான் புரட்டுகிறார்கள். அத்தகைய ஏட்டிலே ஒரு பெருங்குறை உண்டு என்று கூற முற்படுகிறேன். குறையைக் கூறுமுன் நிறையைக் கூறிவிடுதல் முறை.

பேஜட் காலத்துப் புலவர்கள் ஒரு பழைய பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தனர். அரசர், பிரபுக்கள், பொதுமக்கள் அவை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தித் தராசு முள்போல நாட்டை நிமிர்த்தி வைத்திருக்கின்றன என்பது அந்தப் பாடம். பேஜட் வங்கித் தொழிலிலே ஊறியவர். 'எக்கானமிஸ்ட்' இதழின் ஆசிரியர். கணக்கேட்டைப் பார்ப்பவனுக்குக் கடையின் முகப்பு அழகிலே என்ன வேலை? அவர் ஆட்சியை இரண்டாகப் பிரித்தார். மாட்சிக்கு உரிய பகுதி ஒன்று. செயலுக்கு உரிய பகுதி மற்றொன்று. மணிமுடி, பட்டாடை, பவனி இவையெல்லாம் மாட்சி. வேலை நடக்கும் இடமோ அமைச்சரவை. சட்டம் இயற்றும் அதிகாரமும் ஆட்சி நடத்தும் அதிகாரமும் அங்கே பிரிந்து நிற்கவில்லை, ஒன்றாகக் கலந்துவிட்டன. பொதுமக்கள் அவை அமைச்சரவையை ஆக்குகிறது. அந்த அமைச்சரவையே அவையைக் கலைக்கவும் வல்லது. இதுதான் மறைபொருள் என்றார்.

அமெரிக்காவிலே தலைவரை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், காலக்கெடு முடியுமட்டும் பெரும்பாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இங்கிலாந்திலோ, கிரிமியப் போர் நடுவிலே 1855-இல் அபர்டீன் பிரபு விலக, பாமர்ஸ்டன் பிரபு வந்தார். பொதுத் தேர்தல் நடக்கவில்லை. ஆளும் கரம் மாறிற்று. 1940-இல் சேம்பர்லின் போய்ச் சர்ச்சில் வந்ததும் இவ்வழியேதான். பேஜட் கண்ட உண்மை, அவர் மறைந்த பிறகும் மெய்ப்பிக்கப்பட்டது. இந்தப் பகுதிகளை எழுதிய கரத்துக்கு நமது வணக்கம் உண்டு.

ஆனால், அவையை ஆக்குகிற மக்களை அவர் எப்படிப் பார்த்தார்? இங்கேதான் நெருடுகிறது. பொதுமக்களுக்கு அமைச்சரவை புரியாது, அரச குடும்பம்தான் புரியும். அந்த ஒளியிலே கண் கூசி அவர்கள் பணிந்திருப்பதாலேதான் அறிந்தவர்கள் ஆட்சி நடத்த முடிகிறது என்பது அவர் கருத்து. மயக்கத்தைப் போக்கவேண்டும் என்று எண்ணவில்லை. மயக்கம் பயன்படுகிறது என்று மகிழ்ந்தார்! 1867-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், நகர்ப்புறத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை தந்து, வாக்காளர் தொகையை ஏறத்தாழ இருமடங்காக்கிற்று. 1872-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு நீண்டதோர் முன்னுரை எழுதினார் பேஜட். அதைப் படித்தால் அஞ்சுகிற மனிதரைக் காணலாம். இரு கட்சிகளும் தொழிலாளியின் வாக்குக்காகப் போட்டியிட்டுத் தாழ்ந்துபோகுமே என்ற அச்சம் அது.

தொழிலாளிக்கு வாக்குரிமை வருமுன் தேர்தல் தூய்மையாக இருந்ததோ? பேஜட்டே விடை அறிந்தவர். 1866-இல் பிரிட்ஜ்வாட்டர் தொகுதியிலே அவர் போட்டியிட்டு, மிகச் சில வாக்குகளிலே தோற்றார். அத்தொகுதி கையூட்டுக்குப் பேர்போன தொகுதி. விசாரணை நடந்து, 1870-இல் பிரதிநிதி அனுப்பும் உரிமையையே இழந்தது. வாக்கை விற்றவர்கள் உழைப்பாளிகளா? சொத்துத் தகுதி காட்டி வாக்குரிமை பெற்றிருந்த சிலர் அல்லவா! மறைவாக வாக்களிக்கும் முறையோ 1872-இல்தான் சட்டமாயிற்று. இத்தனையும் கண்ணெதிரே நடக்க, குற்றத்தை வாக்கில்லாதவன் தலையிலே முன்கூட்டியே சுமத்தினார் நம் ஆசிரியர்.

இதுகூட அக்காலத்து மனப்போக்கு என்று விட்டுவிடலாம். நான் சொல்ல வந்த பெருங்குறை வேறு. நூலின் இயல்களைப் பாருங்கள்: அமைச்சரவை, முடியரசு, பிரபுக்கள் அவை, பொதுமக்கள் அவை, அமைச்சரவை மாற்றங்கள், தடைகளும் சமன்களும், வரலாறு. ஊராட்சிக்கு ஓர் இயல் உண்டா? இல்லை. இறுதிப் பகுதியிலே போகிற போக்கில் ஒரு பேச்சு உண்டு, அவ்வளவே. கட்டடத்தின் மாடியை அளந்தவர், தரைத்தளத்துக்கு இறங்கவில்லை.

அவர் எழுதிய ஆண்டுகளிலே இலண்டன் தெருக்களுக்கு அடியில் என்ன நடந்துகொண்டிருந்தது? கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. 1858 கோடையிலே தேம்ஸ் ஆற்றின் நாற்றம், கரையிலிருக்கும் பாராளுமன்றத்தாரின் மூக்கையும் துளைத்தது. அதன் பிறகே பணமும் அதிகாரமும் கிடைத்தன. ஏழையின் மூக்கு அதற்குமுன் எத்தனை ஆண்டு துடித்ததோ! அந்தப் பணியைச் செய்த மாநகரப் பணி வாரியம் 1855-இல் அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினரை நகர மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. இலண்டன் முழுமைக்கும் மக்கள் தேர்ந்த மன்றம் 1889-இல்தான் வந்தது. குடிநீர், சாக்கடை, சாலை, வறியோர் இல்லம் என ஏழை ஆட்சியை நாள்தோறும் சந்திக்கும் இடம் இதுவல்லவா? செயலுக்கு உரிய பகுதி எது என்று தேடியவர், செயல் நடக்கும் இந்த இடத்தைக் காணாது போனார்.

காணாததால் என்ன கேடு என்று கேட்கலாம். மேலே எல்லா அதிகாரமும் ஒன்றாய்க் கலந்துவிட்டால், கீழேயுள்ள மன்றங்கள் எவர் தயவிலே வாழும் என்ற கேள்வியை அவர் எழுப்பவே இல்லை. விடை 1986-இல் கிடைத்தது. 1983 பொதுத் தேர்தலிலே தாட்சர் அம்மையாரின் கட்சி 42 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, 650 இடங்களில் 397-ஐக் கைப்பற்றியது. எதிர்க்கட்சி வசம் இருந்தது பெருநகர இலண்டன் மன்றம். ஆற்றின் எதிர்க்கரையிலே, பாராளுமன்றத்தார் கண்ணிலே படும்படி, வேலையில்லாதோர் தொகையைத் தன் கட்டடத்தின் மேல் எழுதிவைத்த மன்றம் அது. அதையும், வேறு ஆறு பெருநகரப் பகுதிகளின் மன்றங்களையும் ஒரு சட்டத்தால் ஒழித்தது பாராளுமன்றம். 1986 மார்ச் 31-ஆம் நாள் அந்த மன்றம் மறைந்தது. இலண்டன் முழுமைக்குமான தேர்தல் மீண்டும் வர 2000-ஆம் ஆண்டாயிற்று. ஒழிப்போம் என்று தேர்தல் அறிக்கையிலே சொல்லித்தானே வென்றோம் என்றது ஆளுங்கட்சி. உண்மைதான், சொன்னார்கள். ஆனால் நாடு முழுவதும் கேட்கப்பட்ட வாக்கைக் கொண்டு, ஒரு நகரம் தனக்கென அளித்த வாக்கை அழிப்பது எந்தக் கணக்கு? பேஜட்டின் கணக்கேட்டிலே இதற்குப் பத்தி கிடையாது. ஸ்காட்லாந்துக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிப் பாராளுமன்றம் வந்தது. ஆயினும், அதன் ஒப்புதலைக் கேட்பது அரசியல் மரபே, நீதிமன்றம் நிலைநாட்டக்கூடிய கடமை அன்று என 2017-இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது.

இந்நூலைத் தமிழர் படிப்பானேன்? 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, அமைச்சரவை முறையை அங்கிருந்தே பெற்றது. எழுதப்பட்ட சட்டம் இங்கே உண்டு. மாநிலங்களுக்குத் தனி அதிகாரப் பட்டியல் உண்டு. ஆயினும், 3-ஆம் பிரிவின்படி, மாநில எல்லையையும் பெயரையும் பாராளுமன்றம் மாற்றலாம். மாநில மன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அதன்படி நடக்கவேண்டுவதில்லை. 356-ஆம் பிரிவோ அமைச்சரவையையே அகற்ற வல்லது. 1959-இல் கேரளத்திலே, 1976 சனவரி 31-இல் தமிழகத்திலே, சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த அமைச்சரவைகள் வீழ்த்தப்பட்டன. அவையின் நம்பிக்கை உள்ளவரை அமைச்சரவை வாழும் என்பதன்றோ பேஜட் கண்ட விதி! மாடியிலே போற்றப்பட்ட விதி, அடுத்த தளத்திலே மிதிக்கப்பட்டது. பெரும்பான்மையை அறியவேண்டிய இடம் ஆளுநர் மாளிகையன்று, சட்டமன்றமே என்று பொம்மை வழக்கிலே உச்சநீதிமன்றம் உரைக்க 1994 ஆகிவிட்டது.

தில்லியைச் சுட்டும் விரலைச் சற்றே நம் பக்கமும் திருப்பவேண்டும். அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊராட்சி, நகராட்சித் தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்றன. தமிழகத்தில் 2016 அக்டோபரில் நகர மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்! இடையிலே வழக்கு, எல்லை வரையறை, இடஒதுக்கீடு எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. கட்சி மாறி ஆட்சி வந்தும் நகரங்களைத் தனி அலுவலர்களே ஆண்டனர். சிற்றூர்களிலே 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பதுக்கு 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 சனவரியிலே காலம் முடிந்ததும், வந்து அமர்ந்தவர்கள் மீண்டும் தனி அலுவலர்கள். 356-ஆம் பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது சட்டமன்றத்துக்காக நாம் எழுப்பிய குரலில், பாதியேனும் அந்த ஊராட்சி மன்றங்களுக்காக எழவில்லை.

பேஜட்டைத் தமிழாக்க எண்ணுவோர் 1872 முன்னுரையை விட்டுவிடலாகாது. அமைச்சரவை பற்றிய இயலை முதலிலும், அந்த முன்னுரையை அடுத்தும் படித்தால், ஆட்சியை அறிந்த மனிதர் மக்களை எவ்வளவு குறைவாக அறிந்திருந்தார் என்பது அவர் எழுத்தாலேயே விளங்கும்.